கல்லோடு வந்தவை

நான் வேலை செய்கிற றெஸ்ரோரண்ட் பாரிஸின் கிழக்குப் புறநகர் ஒன்றில் இருக்கிறது. முதலாளி பிரெஞ்சுக்காரர். கடைக்கு மேல்மாடியில் அவருடைய வீடு. அந்த வீட்டின் முன்னறையில் 400 லீற்றர் உப்புத் தண்ணீர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி ஒன்று. அதற்குள் பவளங்கள், ஏழெட்டு மீன்கள், 40 கிலோ முருகைக்கல்.

கல் கிலோ 18 யூரோ என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுந்தீவில் எங்கள் வளவுக்கு நாலு பக்கமும் முருகைக்கல் வேலிதான். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லின்மேல் கல் அடுக்கியது. ஆடு பாய்ந்தால் சரியும். ஐயா முணுமுணுத்துக்கொண்டு திரும்ப அடுக்குவார். அந்த வேலியை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்து விற்றால் எவ்வளவு வரும் என்று கோப்பை கழுவிக்கொண்டே கணக்குப் பார்த்தேன்.

ஆனால் எங்கள் வேலிக்கல் செத்த கல். முதலாளியுடையது உயிருள்ள கல். கடலிலிருந்து எடுத்து ஈரம் காயாமல் பொதி செய்து விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதன் நுண்துளைகளில் இருக்கும் பற்றீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். இந்த வேலைக்குத்தான் அந்த விலை. பற்றீரியாவோடு கூடவே புழுவும் நண்டும் நத்தையும் பொதிப் பட்டியலில் பெயரில்லாமல் வந்து இறங்குகின்றன. ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டாமல் ஐரோப்பா வந்து சேர்ந்த சீவன்கள் எனக்குத் தெரிந்து இவை மட்டும்தான்.

2023 ஆகஸ்டில் கடையை மூன்று கிழமை பூட்டினார்கள். முதலாளி குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகுமுன் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் வந்து மீனுக்குத் தீன் போட வேண்டும், ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் விடவேண்டும். உப்புத் தண்ணீர் விடக்கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். இதை எனக்கு மூன்று தரம் விளங்கப்படுத்தினார். நான் மூன்று தரமும் தலையாட்டினேன்.

வாசலடியில் நின்று இன்னொன்றும் சொன்னார். "இரவில் அந்தப் பெரிய கல்லுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது. இரண்டு மீனைக் காணவில்லை. உள்ளே ஒரு கொலைகாரன் இருக்கிறான். நான் திரும்பி வந்ததும் அந்தக் கல்லை வெளியே எடுத்துப் பல்கனியில் காயவிடப் போகிறேன்."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரத்து மீன் காட்சியகத்தில் மீன்கள் காணாமற் போய்க்கொண்டிருந்தன, பவளங்கள் கடிபட்டுக் கிடந்தன. கடைசியில் தொட்டியைப் பிரித்துப் பார்த்தால் கல்லுக்குள் நாலடி நீளப் புழு ஒன்று! எப்போது தொட்டிக்குள் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து முதலாளிக்கு ஒவ்வொரு பொந்திலும் புழு தெரிந்தது.

முதல்நாள் நான் தண்ணீர் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் விளக்கு அணையும்வரை இருந்தேன். பத்து மணிக்கு நீல விளக்கும் அணைந்தது. ரோச் லைற்றில் சிவப்பு மிட்டாய்த் தாளைச் சுற்றி அடித்துப் பார்த்தேன். இவற்றில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, ஓடி ஒளிக்காது. பகலில் வெறுங்கல்லாகக் கிடந்த இடமெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது.

அடுத்தநாள் லாச்சப்பலில் ஒரு கொப்பி வாங்கினேன். பல்கலைக்கழகத்தை விட்ட பிறகு நான் எனக்கென்று வாங்கிய முதற் கொப்பி அது. இடப்பக்கம் படம், வலப்பக்கம் குறிப்பு. கை தானாக அப்படித்தான் பிரித்தது.

இலக்கம் 1, முட்புழு. செம்மஞ்சள் உடல், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்கள். இறால் துண்டு ஒன்றை நூலில் கட்டி இறக்கினேன், கல்லின் ஐந்தாறு வெடிப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் நீண்டு வந்தன. இதைத் தொட்டால் மயிர்கள் தோலில் ஏறி எரியும். அதனால் கண்டவர்கள் எல்லோரும் நெருப்புப் புழு என்று சொல்லிக் கொல்கிறார்கள். பவளத்தை உண்கிற நெருப்புப் புழுவுக்குத் தலைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு சதைமேடு இருக்கும். இவற்றுக்கு அது இல்லை. இவை மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைத் துப்புரவு செய்கிற தொழிலாளிகள். எங்கள் ஆட்கள்தான்.

இலக்கம் 4, கல்லில் ஒட்டிய சுண்ணாம்புக் குழாய். வாயிலிருந்து சிலந்தி நூல் போலச் சளியை விரித்து, தண்ணீரில் வருகிற துகள்கள் ஒட்டியதும் வலையைத் திரும்ப இழுத்து விழுங்குகிறது. குழாயைப் பார்த்தால் யாரும் புழு என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது நத்தை. இலக்கம் 6, நகத்திலும் சிறிய நட்சத்திர மீன். கைகள் ஒன்று நீளம், ஒன்று கட்டை. ஊனம் அல்ல, தன்னைத்தானே இரண்டாகப் பிரித்துப் பெருகுகிற சாதி, புதுக்கைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இலக்கம் 9, கண்ணாடி போன்ற சிறு அனிமோன். இது மட்டும் உண்மையில் தொல்லை. பிடுங்கினால் அடிப்பாதத்தில் மிஞ்சுகிற ஒரு துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். நீர்த்த சுண்ணாம்பைக் குழைத்து ஊசியால் அதன் வாய்க்குள் விடுகிறார்கள். ஆச்சி வெற்றிலைக்குப் பூசுகிற அதே சுண்ணாம்பு.

இப்படி எழுதிக்கொண்டு போகையில் மனதில் ஓடியது இணைக்கவர்ச் சுட்டி. பள்ளிக்கூடத்திலேயே படிப்பிப்பார்கள். கால் உண்டா, இல்லையா? உண்டென்றால் பத்தா, அதற்கு மேலா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பாதை. ஒரு கேள்வியில் பிழைத்தால் அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் போனாலும் பிழையான பெயரில்தான் போய் நிற்பாய்.

இது எனக்கு நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். 2012 நவம்பர் 27 இரவு விடுதிக்குள் இராணுவம் புகுந்தது, மறுநாள் மாணவர்களை அடித்தார்கள், பிறகு கைதுகள் தொடங்கின. மூன்றாம் வருடத்தோடு நான் வெளிக்கிட்டேன். இங்கே 2013இல் அகதி விசாரணையில் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டபோது விலங்கியல் மாணவன், மீன்பிடியியலும் படித்தேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, "மீனவர்" என்று பதிவாகிவிட்டது. அதிகாரி அடுத்ததாக என்ன வலை பாவித்தீர், எத்தனை குதிரைவலு எஞ்சின் என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று விளங்காமல் மாமாவின் வள்ளத்தை நினைத்து ஏதோ சொன்னேன். சில மாதங்களில் கடிதம் வந்தது: விண்ணப்பதாரி தன் தொழில் பற்றிக் கூறியவை நம்பத்தக்கனவாக இல்லை. மேன்முறையீட்டில் அதைத் திருத்த எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் போனது. மொழிபெயர்ப்பாளரில் எனக்குக் கோபமில்லை. அன்று அவருக்கு நான் எத்தனையாவது ஆளோ.

சத்தத்துக்கு வருகிறேன். நாலாம் இரவுதான் அதைக் கேட்டேன். கண்ணாடியில் யாரோ நகத்தால் சுண்டியது போல ஒன்று. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. கல்லுக்குள்ளிருந்து இப்படிச் சத்தம் போடக்கூடியவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒன்று, கும்பிடுபூச்சி போல முன்னங்கால்களை மடித்து வைத்திருக்கிற ஒருவகை இறால். உண்மையில் அது இறாலுமல்ல. நத்தை ஓட்டையும் நண்டு ஓட்டையும் குத்தியே உடைக்கும். முதலாளி சொன்ன கொலைகாரன் இதுவாக இருந்தால் தீர்ப்பு சரிதான். மற்றது வெடியிறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெருத்திருக்கும். அதை மூடுகிற வேகத்தில் தண்ணீர் பீச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி நொருங்குகிற சத்தம்தான் வெடி. கொடுக்கின் இரண்டு பாதியும் முட்டுகிற சத்தம் என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். நெதர்லாந்து, ஜேர்மன் ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியில் பிடித்து 2000ம் ஆண்டில்தான் குமிழியை நிரூபித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைச் செவிமடுத்துத் தேடியவர்களுக்கு இந்த இறால்களின் இரைச்சல் பெரிய இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

நெடுந்தீவுக்கு ரெலிபோன் எடுத்து மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, இரவில கல்லுக்குள்ள டிக் டிக் எண்டு சத்தம் கேட்டா என்ன?"

"ஒரு சத்தமோ, கனக்கவோ?"

"இடைக்கிடை ஒண்டு."

"எங்கட கடல்ல காத்து அடங்கின இரவில வள்ளத்துக்குள்ள படுத்தா, தாச்சியில உப்புப் பொரியிற மாதிரிக் கேக்கும். அது இறாலடா. நீ படிச்சனி, உனக்குத் தெரியாதோ?"

வெட்கமாக இருந்தது. இருந்தும் மாமாவின் காதைச் சாட்சியாக முதலாளி முன் வைக்க முடியாது. தடயம் தேடினேன். முதல் வகையென்றால் பொந்து வாசலில் உடைந்த நத்தை ஓடுகள் கிடக்க வேண்டும். ஒன்றும் இல்லை. நத்தைகள் அந்தக் கல்லின் மேலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அடுத்தது கண்கள். முதல் வகைக்குக் கண்கள் காம்பில் நிற்கும், இரண்டும் வெவ்வேறு திசையில் திரும்பும். வெடியிறாலுக்குக் கண்கள் ஓட்டின் விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். அதைப் பார்க்க ஒவ்வொரு இரவும் கதிரையைப் போட்டு அந்தப் பொந்துக்கு முன்னால் இருந்தேன். கடைசி மெற்றோவைப் பிடிக்க ஓடுவேன். அறையிலுள்ள அண்ணை ஒருவர், "தம்பி, மேல்மாடியில ஆரும் பொம்பிளை இருக்கிறாவோ?" என்று கேட்டார். இறால் என்றேன். நம்பவில்லை.

பதினோராம் இரவு அது வந்தது. முதலில் இரண்டு உணர்கொம்புகள், பிறகு ஒரு கொடுக்கு. அந்த ஒரு கொடுக்கே போதும். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், என் சுண்டுவிரலில் பாதி நீளம். வாசலில் கிடந்த மணலைப் புல்டோசர் மாதிரி வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனது. பின் வெடித்தது. இலக்கம் 17 என்று எழுதினேன், கை நடுங்கியதால் படம் சரியாக வரவில்லை.

மீன்களின் கதை அடுத்த கிழமை தெரிந்தது. தண்ணீர் விடுகிற குவளை தொட்டி மேசைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எடுக்கக் கையை விட்டால் ஏதோ சருகு மாதிரி அகப்பட்டது. மீன். முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு, முதுகில் ஒற்றை நீளச் செட்டை. பயந்தால் தண்ணீரைவிட்டுப் பாய்கிற சாதி அது; தொட்டிக்கு மூடியும் இல்லை. சுத்தமான கருவாடாகக் காய்ந்திருந்தது. மற்றதைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தொட்டிக்குள்ளேயே செத்திருந்தால் முட்புழுக்கள் ஒரே இரவில் முடித்திருக்கும். வெடியிறால் அடித்திருக்கவும் கூடும், சின்ன மீனை அது மயங்க வைக்கும். இதையும் கொப்பியில் எழுதினேன். இறாலுக்காகப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

முதலாளி வந்த அன்று கருவாட்டை ஒரு சாசரில் வைத்துக் கொப்பியோடு நீட்டினேன். அவர் மீனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு கொப்பியைப் புரட்டத் தொடங்கினார். தமிழ் அவருக்கு ஓடாது. ஆனால் படங்களுக்குக் கீழே இலத்தீன் பெயர்கள் தெரிந்தவரை எழுதியிருந்தேன், தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி. முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை பேசவில்லை.

"நீ மீனவன் அல்லவா?" என்றார்.

என்னை வேலைக்கு எடுத்தபோது என் தாள்கள் எதிலோ கண்டிருக்கிறார்.

"அது பிழையாக எழுதியது" என்றேன். பிரெஞ்சில் அதற்கு மேல் விளங்கப்படுத்த வரவில்லை.

கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தொட்டிக்கு மேல் வலை போட்டார். வெடியிறாலோடு ஒரே வளையில் குடியிருந்து அதற்குக் காவல் பார்க்கிற மஞ்சள் கோபி மீன் ஒன்றையும் வாங்கி விட்டார். கண் மங்கலான இறால் உணர்கொம்பை மீனின் மேல் வைத்திருக்கும், ஆபத்தென்றால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே ஓடும். எல்லா வெடியிறாலும் அப்படிச் சேர்வதில்லை என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. கோபி இப்போது மறுமூலையில் தனக்கென்று ஒரு குழி தோண்டி இருக்கிறது. இறால் தன்பாட்டில் வெடித்துக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்கு நான் மேலே போகிறேன். இலக்கம் 23 கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு கடுகளவு சீவன். கைகளை எண்ண முயல்கிறேன். ஒருநாள் எட்டு வருகிறது, மறுநாள் ஒன்பது.