பூஜ்ஜியத்துக்குத் திரும்பிய மீட்டர்



ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று டெட்ராய்ட் நகரை அடுத்த உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடைபெறுவதை உங்களில் அநேகர் அறிவீர்கள். 1995ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் அது. இவ்வாண்டு நம் சபையின் வாலிபர் சிலர் என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். சாலையோரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தோம். அவர்களுடைய கண்கள் சிவப்பு மஸ்டாங்குகளையும் பளபளக்கும் கமேரோக்களையும் தேடிக்கொண்டிருந்தன. என் கண்ணோ, அவற்றுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து வந்த ஒரு நீண்ட ஸ்டேஷன் வேகன்மேல் நிலைத்துவிட்டது. பக்கங்களில் மரப்பலகையைப்போல் தோன்றும் தாள் ஒட்டிய வண்டி. பின்புறக் கண்ணாடிக்குள் இரண்டு சிறுவர்கள் சாலையின் பின்பக்கத்தை நோக்கி அமர்ந்து, எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

"ஐயா, ஏன் எழுந்து நின்றுவிட்டீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டான். எழுந்து நின்றதை நான் உணரவே இல்லை. அன்று அவனுக்குச் சொல்லாத பதிலை இந்த வாரம் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். அதில் இனிமையும் உண்டு. நான் வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதியும் உண்டு.

1996ஆம் ஆண்டு இறையியல் மேற்படிப்புக்காக மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் எங்களுக்கு வாகனம் இல்லை. பனிக்காலத்தில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு பேருந்துக்கு நின்ற நாட்களைச் சொன்னால், இன்று பெரியவர்களாகிவிட்ட என் பிள்ளைகள் கதை என்று நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நாங்கள் ஆராதனைக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கச் சபையின் மூப்பர் ஒருவர் தம் வண்டியை எங்களுக்கு 1,500 டாலருக்குத் தந்தார். லான்சிங் நகரிலுள்ள ஓல்ட்ஸ்மொபீல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டியும் ஓல்ட்ஸ்மொபீல்தான், 1984ஆம் ஆண்டின் கஸ்டம் க்ரூஸர்.

அந்த வண்டியை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விவரிப்பேன்? 18 அடிக்கும் மேற்பட்ட நீளம். எட்டு சிலிண்டர்களும் ஐந்து லிட்டர் கொள்ளளவும் உடைய இன்ஜின். முன்னால் ஒரே நீள இருக்கை, அதில் மூவர்; நடுவில் மூவர்; கடைசியில் பின்பக்கம் நோக்கிய சிறு இருக்கையில் இருவர்; ஆக எட்டுப்பேர். பின்கதவை வீட்டுக் கதவைப்போல் பக்கவாட்டிலும் திறக்கலாம். பலகையைப்போல் கீழ்நோக்கி இறக்கியும் திறக்கலாம். இருக்கைகளை மடித்துவிட்டால் ஒரு முழு ஒட்டுப்பலகை படுக்கை வசமாக உள்ளே போகும். பெட்ரோலை மட்டும் அது தாகமுள்ள ஒட்டகத்தைப்போல் குடிக்கும்.

கூரையின் உள்துணி ஒட்டுவிட்டுத் தலையில் தொங்கியது. என் மனைவி புடவைக்குக் குத்தும் ஊக்குகளை எடுத்து வரிசையாகக் குத்தி அதைத் தூக்கி நிறுத்தினாள். பின்சக்கரங்களால் ஓடுகிற வண்டியாதலால் பனியில் வழுக்கும். நவம்பர் பிறந்ததும் பின்னால் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றிவிடுவோம். சாலையில் தூவும் உப்பு சக்கரத்துக்கு மேலிருந்த இரும்பைத் தின்றுகொண்டே வந்தது.

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரே இரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச்செல்லும் வண்டி என்பதிலிருந்து வந்தது. ஆதியில் அவற்றின் உடல் மெய்யான மரத்தால் செய்யப்பட்டது. பிற்பாடு இரும்பு உடல் வந்தது; ஆயினும் மரத்தின் தோற்றத்தை மக்கள் விடவில்லை, தாளாக ஒட்டிக்கொண்டார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் புறநகர்களுக்குக் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்களின் அடையாளமாக இவ்வண்டி இருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அதன் பெருமையைக் குலைத்தது. 1980களில் க்ரைஸ்லர் நிறுவனத்தின் மினிவேன்கள் வந்தபின் குடும்பங்கள் அவற்றுக்கு மாறின. நாங்கள் வாங்கியபோது அது ஏற்கெனவே போன தலைமுறையின் வண்டிதான்.

வண்டியின் சாவியோடு அந்த மூப்பர் இன்னொன்றையும் தந்தார். டேஷ்போர்டுப் பெட்டியில் எப்போதும் இருக்கும் ஒரு சிறு குறிப்பேடு. 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, பெல்ட் அறுந்த நாள், எல்லாம் பென்சிலால் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. "வண்டி யாரிடம் போனாலும் இந்த நோட்டும் கூடப் போகவேண்டும்" என்று சொன்னார். சரி என்றேன். அப்போது மீட்டர் 86,000 மைலைத் தாண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு கோடையில் என் தகப்பனாரும் தாயாரும் ஊரிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராக ஊழியம் செய்தவர் என் தகப்பனார். கிராமம் கிராமமாகச் சைக்கிளிலேயே போய்வந்தவர். அவரை முன்னிருக்கையில் அமர்த்தினேன். ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர் இருப்பதைப் பார்த்து, "நம்ம ஊர் அம்பாசிடர் மாதிரியே இருக்கே, ஐயா" என்று மகிழ்ந்தார். பிள்ளைகள் இருவரும் பின்பக்கம் நோக்கிய இருக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். மெக்கினா பாலத்தைப் பார்க்க வடக்கே புறப்பட்டோம். 1957இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய ஐந்து மைல் நீளமுள்ள அப்பாலத்தைத் தகப்பனாருக்குக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த வண்டியின் ஓடோமீட்டரில் மைல்களுக்கு ஐந்தே இலக்கங்கள். அக்காலத்து அமெரிக்க வண்டிகள் பலவும் அப்படித்தான். ஒரு லட்சம் மைலைக் காட்ட அதில் இடமில்லை. ஐ-75 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது 99,999 என்று வந்தது. வேகத்தைக் குறைத்தேன். பிள்ளைகள் பின்னாலிருந்து தாவி எட்டிப்பார்த்தார்கள். அம்மா அவர்களை அதட்டி உட்காரவைத்தாள். ஐந்து ஒன்பதுகளும் ஒருசேர மெல்லப் புரண்டு ஐந்து பூஜ்ஜியங்களாயின. எல்லாரும் கை தட்டினோம். "வண்டி புதுசாயிருச்சு!" என்று என் மகள் கூவினாள்.

தகப்பனார் சிரித்தார். "நம்பர்தான் மாறியிருக்கு, ஐயா. வண்டி அதே வண்டிதானே?" என்றார்.

அன்றிரவு குறிப்பேட்டில் அந்த நாளையும் அவர் சொன்னதையும் எழுதிவைத்தேன். அதற்குப் பின் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் சிவப்பு மையால் ஒரு 1 சேர்த்துக்கொண்டேன்.

அவ்வாண்டு டிசம்பரில், ஓல்ட்ஸ்மொபீல் என்ற பெயரையே நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 1897இல் தொடங்கிய பெயர். அந்த மூப்பர் ஆலய வாசலில் நின்று, "என் வாலிபம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அடுத்த குளிர்காலத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

2003ஆம் ஆண்டு. பியூக் லெசேபர் ஒன்று 2,000 டாலருக்குக் கிடைத்தது. அதை வாங்கவேண்டுமானால் பழையதை விற்றாகவேண்டும். கடையின் விளம்பரப் பலகையில் 1,500 டாலர் என்று எழுதி ஒட்டினேன். நான் வாங்கிய அதே விலை! 19 வயதான, துருப்பிடித்த வண்டிக்கு அவ்வளவு கேட்க எனக்குத் துணிவு தந்தது எது? மீட்டரில் தெரிந்த 31,000 என்ற எண்தான். அதை அப்போது எனக்குள்ளேகூட நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு மாணவர் வண்டியைப் பார்க்க வந்தார். தமிழ் பேசுகிறவர். என்னைப் போதகர் என்று அறிந்ததும், வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் ஐக்கியத்துக்கு வருவதாகச் சொன்னார். உள்ளே அமர்ந்து மீட்டரைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "ஐயா, முப்பத்தோராயிரம் மைல்தான் ஓடியிருக்கா?"

"மீட்டர் அப்படித்தான் காட்டுகிறது, தம்பி" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. ஆயினும் வாக்கியம் முழுவதும் பொய். சட்டத்தைக் கேட்டாலும் என்னைக் குற்றப்படுத்தாது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விற்பவர் மைல் கணக்கை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்ற விலக்கு அப்போது இருந்தது. அவர் வருமுன்பே குறிப்பேட்டை டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து எடுத்துச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? "அதில் என் சொந்தக் குறிப்புகள் இருக்கின்றன" என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். பாவம் நம் வீட்டுக்குள் வரும்போது எப்போதும் ஒரு நியாயமான காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறது, பிரியமானவர்களே.

200 டாலர் முன்பணம் தந்துவிட்டுப் போனார். அன்றிரவு ஏதோ தேட இழுப்பறையைத் திறந்தேன். குறிப்பேடு கையில் அகப்பட்டது. புரட்டினேன். உறங்கிவிட்ட அந்த மூப்பரின் பென்சில் எழுத்து. அதற்கப்பால் என் எழுத்து. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பக்கம்: ஐந்து பூஜ்ஜியங்கள், அதன் கீழே என் தகப்பனாரின் வார்த்தை. நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகளில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! அதை மளிகைக்கடைக்காரருக்கான வசனமாகவே எண்ணியிருந்தேன். ஐந்து இலக்க மீட்டரும் ஒரு தராசுதான் என்பது அன்றைக்கே விளங்கிற்று.

மறுநாள் காலையில் அந்தத் தம்பியை அழைத்து, முன்பணத்தையும் குறிப்பேட்டையும் அவர் கையில் கொடுத்தேன். "வண்டி ஓடியது ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் மைல். எனக்கு அது தெரியும். நேற்று மறைத்தேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நேற்றே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து அவரே அழைத்தார். குறிப்பேடு முழுவதையும் படித்தாராம். 800 டாலருக்கு வண்டியைத் தந்தேன். சாவியைக் கொடுத்து, மூப்பர் எனக்குச் சொன்ன வார்த்தையை அவருக்கும் சொன்னேன்: வண்டி யாரிடம் போனாலும் நோட்டும் கூடப் போகவேண்டும்.

இந்தச் சாட்சியை இங்கே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் முழுவதையும் சொல்லவேண்டும். ஐக்கியத்துக்கு வருவதாகச் சொன்ன அந்தத் தம்பி ஒரு ஞாயிறும் வரவில்லை. நான் அறிக்கை செய்தேன், ஆண்டவர் மன்னித்தார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரே ஒரு நாள் தாமதித்த உண்மை ஓர் ஆத்துமாவைத் தூரப்படுத்தியிருக்கலாம் என்ற பாரம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னைவிட்டு நீங்கவில்லை. அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

2004ஆம் ஆண்டு ஏப்ரலில் லான்சிங்கில் கடைசி ஓல்ட்ஸ்மொபீல் உருவாகி வெளிவந்தது. எங்கள் லெசேபரோ இன்னும் பல ஆண்டுகள் உழைத்தது. 1993ஆம் ஆண்டு வண்டி, ஆறு சிலிண்டர், முன்னால் அதே நீள இருக்கை. ஞாயிறு காலையில் வாகனமில்லாத மாணவர்களையும் முதியவர்களையும் அதில் ஏற்றிவந்த நாட்களை உங்களில் சிலர் நினைவுகூருவீர்கள். அதன் மீட்டரில் ஆறு இலக்கங்கள் இருந்தன. இரண்டு லட்சத்தைத் தாண்டியும் ஒளிக்காமல் காட்டிற்று.

கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புது சிருஷ்டி என்று நாம் விசுவாசிக்கிறோம். அந்தப் புதுமையை மீட்டரில் தெரிந்த பூஜ்ஜியத்தைப்போல் எண்ணிவிடக்கூடாது. சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்குள் வந்தபோது, அவன் பழைய கணக்கேட்டை இழுப்பறைக்குள் தள்ளவில்லை. எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாய் எதையாகிலும் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்று எல்லார் முன்பாகவும் சொன்னான். மன்னிக்கப்பட்டவன் கணக்கைத் திறந்து காட்ட அஞ்சமாட்டான். மெய்யாகவே அவன் புதியவனானான் என்பதற்கு அதுவே அடையாளம்.

பின்பக்கம் நோக்கி அமர்ந்து போன அந்தச் சிறுவர்களைப் பார்த்து நான் ஏன் எழுந்து நின்றேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கடந்துவந்த சாலையை அவர்கள் பயமில்லாமல் பார்த்துக்கொண்டே போனார்கள். வண்டியை ஓட்டுகிறவர் தங்கள் தகப்பன் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வாரம் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: என் வீட்டு இழுப்பறையில் எந்தக் குறிப்பேடு மறைந்திருக்கிறது? அதை யார் கையில் கொடுக்கவேண்டும்? நாளைக்கு என்று தள்ளாதிருங்கள்.

ஜெபம்: எங்கள் மைல்கள் யாவையும் அறிந்திருக்கிற பிதாவே, உண்மையைக் காலதாமதமின்றிப் பேச எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் தாமதத்தால் புண்பட்டவர்களை நீரே தேற்றி, உம்மண்டை சேர்த்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்