கறுத்த பல்லடைப்பு

ஏழு மாதக் கர்ப்பிணியான என் மருமகள் ஒருநாள், "மாமி, என் கடைவாய்ப் பல்லை அடைத்திருப்பதில் பாதரசமாமே! பிள்ளைக்கு ஆகுமா? உடனே எடுத்துவிட வேண்டும்" என்று கண்கலங்கினாள். சொன்னது பொய்யல்ல. அமால்கம் எனும் அந்த அடைப்பில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. எனக்கும் ஒன்று உண்டு. இருவரும் பல் மருத்துவரிடம் சென்றோம்.

அவளுடையதைப் பார்த்த அம்மையார், "உறுதியாக இருக்கிறது. குடைந்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிவரும். இப்போது தொடவே வேண்டாம்" என்று கூறிவிட்டார். நல்ல நிலையிலுள்ள அடைப்பைத் தேவையின்றி அகற்றலாகாது என்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2020இல் அறிவுறுத்தியுள்ளது.

என்னுடையதோ ஓரம் உடைந்து, அடியில் சொத்தை விழுந்திருந்தது. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டி, நீரைப் பீய்ச்சியபடியே, பொடியாக்காமல் துண்டு துண்டாகப் பெயர்த்தார். உறிஞ்சுகுழாய் ஓயவே இல்லை. பிறகு பல்நிறப் பசையை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்கினார். செலவு சற்றுக் கூடுதல்தான். அல்ஹம்துலில்லாஹ், நோன்புக்கு முன்பே முடிந்தது.

வீடு திரும்பியதும் மருமகள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "எது புதிதென்றே தெரியவில்லையே மாமி!" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.