வோல்டேஜ் குறைந்தால் கணக்கு தப்பும்

லேப்டாப் சூடாகாமல் இருக்கவும் பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கவும் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து வைப்பார்கள். இதில் லாபம் உண்டு. டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்க ஆகும் மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் 1.2 வோல்ட்டை 1.08 ஆக்கினால், அதாவது 10 சதவீதம் குறைத்தால், அந்தச் செலவில் 19 சதவீதம் மிச்சம். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் ஆசை வரும் கணக்கு!

ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது. வோல்டேஜ் குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். பிராசசர் மட்டும் ஏன் குழம்புகிறது?

காரணம் கிளாக். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளியே சுமார் 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். அதற்குள் விடை தயாராக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர் வழியே பாயும் மின்னோட்டமும் குறைகிறது, 0 என்பது 1 ஆக மாற அதிக நேரம் பிடிக்கிறது. கிளாக் மட்டும் பழைய வேகத்திலேயே அடிக்கிறது.

பரீட்சை ஹாலை நினைத்துப் பாருங்கள். கை வலியால் மெதுவாக எழுதுகிறான் ஒருவன். பெல் அடித்ததும் பேப்பரை வாங்கிவிடுவார்கள். 1,25,000 என்று எழுத வேண்டியவன் 1,250 வரைதான் வந்திருக்கிறான். திருத்துபவருக்கு அதுதான் அவன் விடை. பிராசசரிலும் இதே கதைதான். சும்மா இருந்த பிராசசருக்குத் திடீரென்று பெரிய வேலை வரும்போது வோல்டேஜ் ஒரு கணம் இன்னும் சரியும். அதனால்தான் மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடிய மெஷின் சட்டென்று விழுகிறது.

ஹேங் ஆனால்கூடப் பரவாயில்லை, தப்பு நடந்தது தெரிந்துவிடும். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற ஆய்வு வெளியானது. இன்டெல் பிராசசரின் வோல்டேஜை சாஃப்ட்வேர் மூலமாகவே குறைத்து, மெஷின் நிற்காமலே பெருக்கலில் தப்பு விடை வரவைத்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள். அப்படி வந்த தப்பு விடைகளை வைத்து, பிராசசருக்குள் பூட்டி வைத்த ரகசியச் சாவியையே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு இன்டெல், அந்த வோல்டேஜ் வழியை அடைக்க அப்டேட் கொடுத்தது.

வோல்டேஜைக் குறைப்பவர்கள் குறைக்கட்டும். ஆனால் பிரைம்95 மாதிரி, தெரிந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராமை நெடுநேரம் ஓடவிட்டுச் சோதிப்பது நல்லது. டிரையல் பேலன்ஸ் டாலி ஆனதால் மட்டும் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை என்பது அக்கவுண்டன்சியின் ஆரம்பப் பாடம். ஹேங் ஆகாத கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும்.