வேனிலும் மேனியும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அமைந்த பழைய ஊர் மீஞ்சூர். ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் ஒருங்கே இருத்தலின், அவ்வூரை வடகாஞ்சி என்றும் வழங்குவர். கிழக்கே சில கல் தொலைவில் காட்டுப்பள்ளிக் கடற்கரை. அருகே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வயலில் உழைப்போரும் உலைமுன் நிற்போரும் அவ்வூர்த் தெருக்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால், இவர்கள் அனைவரையும் ஒரு சிறு துன்பம் வேறுபாடின்றிப் பற்றுகின்றது. கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் கடுகளவான செந்நிறப் பொரிகள் தோன்றி, ஊசியாற் குத்துவதுபோல் உறுத்துகின்றன. இதுவே வேர்க்குரு. வேர் என்பது வியர்த்தலையும், குரு என்பது கொப்புளத்தையும் குறிக்கும். நோயின் காரணத்தையே அதன் பெயராக வைத்த நம் முன்னோரின் கூர்மை எண்ணி மகிழத்தக்கது.

வேலூரில் வெயில் இதனினும் கடுமையாகக் காய்கின்றதே, மீஞ்சூரில் மட்டும் வேர்க்குரு மிகுவானேன் என்று சிலர் வினவலாம். கொடியில் உலர்த்திய துணியே இதற்கு விடை கூறும். வேலூரில் ஈரத்துணி விரைவில் உலர்கின்றது. கடலை அடுத்த மீஞ்சூரிலோ நெடுநேரம் ஈரம் மாறாமலே தொங்குகின்றது. காற்றில் முன்பே நீராவி நிறைந்திருத்தலே காரணம். துணிக்கு நேர்வதே தோலுக்கும் நேர்கின்றது.

மனிதனுடைய தோலில் இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடல் சூடேறும்பொழுது இவை நீரைச் சுரந்து வெளிவிடுகின்றன. அந்நீர் ஆவியாகும்பொழுது உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கின்றது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். வழிந்து தரையில் விழும் வியர்வையாலோ அத்துணைப் பயன் இல்லை. ஈரக்காற்றில் வியர்வை உலராது தேங்குகின்றது. தேங்கிய ஈரத்தில் மேல்தோல் ஊறிப் பருத்து, சுரப்பியின் வாயை அடைக்கின்றது. வழி அடைபட்ட நீர் உள்ளேயே கசிந்து அழற்சியை விளைக்கின்றது. பச்சிளங் குழந்தையின் வியர்வைக் குழாய்கள் முதிராதவை. ஆதலின் துணிகளாற் பொதிந்து வைக்கப்பட்ட குழந்தைக்கு இந்நோய் எளிதில் வருகின்றது.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். தோலைக் குளிர்வித்தலும் உலர்வித்தலுமே முதன்மையான மருந்து. தண்ணீரில் நீராடி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்றோட்டத்தில் சிறிது நேரம் இருத்தல் வேண்டும். தளர்ந்த பருத்தி ஆடை உடுத்தல் நன்று. வியர்த்த ஆடையை உடனே மாற்றுதல் அதனினும் நன்று. நுங்கின் நீரைத் தடவுதல் நம் நாட்டு வழக்கம். அது தரும் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும். ஆனால், எண்ணெயையும் பிசுபிசுப்பான களிம்பையும் அப்புதல் அடைப்பை மிகுவிக்கும். மாவுப் பொடியை அளவின்றித் தூவினால், அது வியர்வையிற் குழைந்து சேறுபோற் படியும். சொறிதலோ அனைத்திலும் தீது. நகம் கீறிய இடத்தில் கிருமிகள் புகுந்து சீழ்ப்புண் உண்டாகும்.

இனி, அரிப்பெல்லாம் வேர்க்குரு ஆகா என்பதையும் அறிதல் வேண்டும். வட்டமாய்ப் பரவி, ஓரம் சிவந்து தடித்து, நடுவே தெளிந்து தோன்றுவது படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது. இரவில் மிகுந்து, விரலிடுக்குகளில் அரிப்பது சொறிசிரங்கு. அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய பூச்சியால் வருவது. நோய்கள் வேறு, ஆதலின் மருந்துகளும் வேறு. இதனை மறந்தார்க்கு நேரும் கேட்டினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

தொழிற்சாலையில் இரும்பு பற்றவைக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். தடித்த காலணியும் முழுக்கால் உடுப்பும் அணிந்து அவன் பகல் முழுதும் அனலருகே நிற்கின்றான். இரவில் ஐவர் தோழரோடு ஒரே அறையில் உறங்குகின்றான். அறையில் ஒரே கொடி. அதில் ஆறு பேருடைய துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. அவன் தொடையில் வட்டமாய் ஓர் அரிப்புத் தோன்றியது. பிறரிடம் கூற நாணி, கடையில் மலிவாய்க் கிடைத்த களிம்பொன்றை வாங்கிப் பூசினான். மூன்றே நாளில் அரிப்பு ஒழிந்தது. மகிழ்ந்து, தோழர்க்கும் அதனையே அளித்தான்.

இரு வாரம் கழிந்தது. மறைந்த வட்டம் முன்னினும் பெரிதாய் மீண்டது. பூச்சை நிறுத்தினால் அரிப்பு. பூசினால் மேலும் பரவல். நாளடைவில் பூசிய இடத்துத் தோல் மெலிந்து வரிவரியாய் வெடித்தது. உறக்கம் கெட்டது, வேலையில் கருத்துச் செல்லவில்லை. திருவிழாவிற்கு ஊர் சென்றபொழுது, தன் தம்பியின் குழந்தையைத் தூக்கவும் அஞ்சி ஒதுங்கி நின்றான். அன்றுதான் மருத்துவரை நாடத் துணிந்தான்.

“தம்பி, நீ பூசியது நோய்க்கு மருந்தன்று, நோயை மறைக்கும் திரை,” என்றார் மருத்துவர். “அதில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. அஃது அரிப்பை அடக்கும். உடன் தோலின் எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிடும். காவலன் உறங்கினால் கள்வன் பெருகான் அல்லனோ?”

“அரிப்பு நின்றதும் குணமாயிற்று என்று எண்ணினேன், ஐயா,” என்றான் அவன்.

“இனி அவ்வாறு எண்ணாதே. அரிப்பு நின்ற பின்னும் நான் கூறும் நாள்வரை மருந்தை விடலாகாது. உன் தோழரையும் அழைத்து வா,” என்றார் அவர்.

இஃது ஒருவன் கதையன்று, நாடெங்கும் நிகழ்வது. ஆதலினாலேயே 2018ஆம் ஆண்டில் நடுவணரசு, ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் எழுதித் தந்தாலன்றி விற்றலாகாது என விதித்தது. வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சையொன்றும் நம் நாட்டிற் பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர் அதற்கு இட்ட ‘டிரைக்கோபைட்டன் இண்டோடினியே’ என்னும் பெயரில் இந்தியாவின் பெயரும் கலந்துள்ளது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க புகழன்று.

இளைஞன் அறைக்கு மீண்டான். நாணத்தை விடுத்து, தோழரிடம் அனைத்தையும் கூறினான். அறுவரும் ஒருங்கே மருத்துவம் மேற்கொண்டனர். அறையில் மேலும் இரு கொடிகள் கட்டப்பட்டன, துண்டுகள் தனித்தனியாயின, உள்ளாடைகள் நாள்தோறும் துவைக்கப்பட்டு வெயிலில் உலர்ந்தன. வாரங்கள் சில சென்றபின் தோல் தெளிந்தது.

தோல் நோயுற்றாரைக் கண்டு முகஞ்சுளித்தல் பேதைமை. அவர் அழுக்கர் என்பது பிழை. பெரும்பாலும் அவர் உழைப்பாளர். வியர்வை உழைப்பின் அடையாளம். அதனைக் கழுவ நீரும், உலர்த்தக் காற்றும், மாற்றுதற்கு மற்றோர் ஆடையும் அவர்க்குக் கிடைக்கச் செய்தல் சமுதாயத்தின் கடமை. நோய் வந்தால் நாணாது கூறுதலும், கூறுவாரை இகழாது கேட்டலும் நம் ஒவ்வொருவர் கடமை. மறைத்த நோய் வளரும். உரைத்த நோய் தீரும்.