‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் காரைக்காலிலிருந்து ஒரு நன்றி

‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கும், அதில் நடுவர்கள் முன்னால் கைகட்டி நின்றவர்களுக்கும் வணக்கம்.

ரொம்பத் தாமதமாக எழுதுகிறேன். பரிசு வாங்கியவர்கள் அன்றைக்கே மேடையில் நன்றி சொல்லிவிட்டார்கள். மேடையேறாத வீடுகளின் சார்பில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

“பையன் மெட்ராஸ்ல என்ன பண்றான்?” என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் செல்லுபடியாகும் பதில்கள் சில உண்டு. பேங்க், ஐ.டி. கம்பெனி, மேல்படிப்பு. மெட்ராஸ் வேண்டாமென்றால் சிங்கப்பூர், வளைகுடா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமென்றால் பாரிஸ். ஊரைவிட்டுப் போய்ப் பிழைப்பதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்களில்லை. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன், பாண்டி நாட்டில் இன்னொரு குடும்பமே நடத்தினான். அவனுக்கே வருடம் தவறாமல் ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவில், மாப்பிள்ளை மரியாதை செய்து திருக்கல்யாணம் நடத்துகிறோம். இவ்வளவு பெருந்தன்மையுள்ள ஊரில், சினிமாவுக்குப் போயிருக்கிறான் என்று சொன்னால் மட்டும் கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார்.

என் தம்பி போனது சினிமாவுக்குத்தான். சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஓர் அறை. போனில் அம்மா கேட்பதெல்லாம் சாப்பிட்டாயா என்பதுதான். வேலையைப் பற்றி என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில்தான், 2009-10இல், கலைஞர் தொலைக்காட்சியில் நீங்கள் வந்தீர்கள்.

வயதில் தம்பியை ஒத்த பையன்கள். சில நிமிடக் குறும்படம் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு நடுவர்களான மதன், பிரதாப் போத்தன் இருவர் முன்னாலும் நிற்பார்கள். நன்றாயிருந்தால் பாராட்டு, இல்லையென்றால் அந்த இடத்திலேயே கேள்வி. இந்த ஷாட் எதற்கு, இங்கே இசை எதற்கு, முடிவை ஏன் இப்படி வைத்தாய்? பதில் சொல்லியாக வேண்டும். அம்மா அதை விடாமல் பார்த்தாள். கொஞ்ச நாளில் ராத்திரி சீரியலைப் பார்த்து, “முன்னாடி டம்ளர்ல பாதித் தண்ணி இருந்துச்சு, இப்ப ரொம்பியிருக்கு பாரு, கன்டினியூட்டி இல்ல” என்று சொல்ல ஆரம்பித்தாள். அடுத்து போனில் தம்பியிடம் கேட்ட கேள்வி, “நீ எடுக்கறதுக்கு டப்பிங் முடிஞ்சுதா?” மகனுடைய தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் நன்றி சொல்வது முதலில் இதற்காக.

நீங்கள் வருவதற்கு முன் கோடம்பாக்கத்துக்குள் நுழையப் பெரும்பாலும் ஒரே வழிதான். ஓர் இயக்குநரிடம் சேர்ந்து, டீ வாங்கிக் கொடுப்பதில் தொடங்கி, பல வருடம் உதவியாளராகக் காலம் தள்ள வேண்டும். உங்கள் மேடையில் நின்ற மதுரைக்காரர் கார்த்திக் சுப்பராஜ் மென்பொருள் வேலையிலிருந்து வந்தவர். யாரிடமும் உதவியாளராக இருக்காமலே 2012இல் ‘பீட்சா’ எடுத்தார். முதல் பருவத்தில் வென்ற நலன் குமாரசாமி அடுத்த வருடம் ‘சூது கவ்வும்’ எடுத்தார். ராம்குமார் உங்களுக்காகச் செய்த குறும்படமே வளர்ந்து 2014இல் ‘முண்டாசுப்பட்டி’ ஆனது. மூன்றுக்கும் தயாரிப்பில் சி.வி. குமார் இருந்தார். துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதியின் முகத்தை இந்தக் குறும்படங்களில் பார்த்தவர்கள் நாங்கள். போட்டோ எடுக்கும் கேமராவிலேயே படமும் எடுக்கலாம் என்று வந்த காலம் உங்களுக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2017இல் பிக் பாஸ் வந்தது. அதையும் பார்க்கிறோம், பொய் சொல்ல மாட்டேன். அங்கே ஆள் தூங்குவதும் அழுவதும் சண்டை போடுவதும்தான் சரக்கு. நீங்கள் ஆளைக் காட்டவில்லை, அவன் செய்த வேலையைக் காட்டினீர்கள். பெற்ற மகன் டி.வி.யில் அழுவதைப் பார்ப்பதைவிட, அவன் வயதுப் பையன் தான் வைத்த ஷாட்டுக்காக வாதாடுவதைப் பார்ப்பது ஒரு தாய்க்கு எவ்வளவோ தெம்பு.

தம்பி உங்கள் மேடைக்கு வந்ததேயில்லை. விண்ணப்பித்தான், கூப்பிடவில்லை. இப்போது எடிட்டிங் வேலையில் இருக்கிறான்; வாடகை கட்டுகிறான், வீட்டுக்கும் அனுப்புகிறான். படம் முடிந்து எழுத்து ஓடும்போது யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

குறையும் இருக்கிறது. கடைசி நிமிடத் திருப்பம் இல்லாவிட்டால் குறும்படமே இல்லை என்ற பழக்கத்தைப் பரப்பியதில் உங்களுக்குப் பங்கு உண்டு. அதைக்கூட மன்னித்துவிடலாம். நான் மேலே எழுதிய சினிமாக்காரர்களின் பெயர்களைப் பாருங்கள், அத்தனையும் ஆண்கள். சாலிகிராமத்தில் நாலு பேரோடு அறை எடுக்க எந்த வீட்டில் பெண்ணை அனுப்புகிறார்கள்? எங்கள் வீட்டிலும் போனது தம்பிதான், நானில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு நிகழ்ச்சியை நீங்களோ வேறு சேனலோ அடுத்து நடத்தும்போது தேர்வைச் சென்னையோடு முடிக்காதீர்கள். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பிள்ளைகள் பஸ்ஸேறி வரும் தூரத்தில்தான் காரைக்கால் இருக்கிறது. இங்கே ஒரு நாள் வையுங்கள். பெண்களுக்கென்று தனியாகவும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
காரைக்காலிலிருந்து ஓர் அக்கா