அம்மப்பாவின் வில்

சென்ற ஆவணி மாதத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றியபொழுது, கூரைக்கும் சுவருக்கும் இடையே செருகிக் கிடந்த அம்மப்பாவின் வில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. நிறுத்திப் பார்த்தால் என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரும் கம்பு அது. மரப்பட்டை நாரை முறுக்கிச் செய்த நாண் தொட்டவுடனே பொடிந்து உதிர்ந்தது. அதனோடு சாக்கிற் சுற்றிய அம்புகள் நான்கு இருந்தன. மயிலிறகுகளைப் பூச்சி தின்று முடித்திருந்தது. இரும்பு அலகுகள் மாத்திரம் துருவுக்குள்ளும் உரம் குன்றாமல் இருந்தன.

வாகரைப் பக்கத்து வேடர் ஒருவருக்கு இரண்டு மரைக்கால் நெல் கொடுத்து அம்மப்பா அதனை வாங்கினாராம். அக்கரையோரத்து வேடர் தமிழ் பேசுவோர். கடலிலும் காட்டிலும் பிழைத்தவர்கள்.

வில்லைக் கண்டதும் என் மருமகனுக்குப் பெரும் மகிழ்ச்சி. படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயல் செய்பவன் அவன். கடந்த பெரும்போகத்தில் கதிர் பால்பிடிக்கும் வேளையிலே பன்றிக் கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கரைக் கிண்டிப் புரட்டிவிட்டுப் போயிற்று. பக்கத்து வயல்களிற் சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றார்கள். அது பன்றியையும் மனிதனையும் பிரித்தறியாது; அவனுடைய நண்பன் ஒருவன் அதனால் ஒரு காலை இழந்தவன்.

“மாமா, இதைத் திருத்தித் தாருங்கள். சத்தமும் இல்லை, ஒருவருடைய காலும் போகாது” என்றான்.

மானையும் மரையையும் சட்டம் காக்கின்றது. எங்கள் வழக்கோ பன்றியோடு. என் மனமும் சாய்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். கண்ணப்பர் கதையை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகின்ற எனக்கு, மெய்யான வில்லொன்று கையில் இருப்பது ஒரு பெருமையாகவே இருந்தது. எல்லாரும் உறங்கிய பின்பு அதை எடுத்து, இல்லாத நாணை இழுத்துப் பார்த்ததும் உண்டு. (இதை என் மாணவர்கள் வாசிக்காதிருப்பார்களாக.)

அம்பலகுகளைக் கம்மாலைக்குக் கொண்டு சென்றோம். கொல்லர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு மணி நேர வேலை என்றார். 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலே ஒரு செய்தி உண்டு. காட்டு வேடர் இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவில் வெட்டிய இலையையும் அதனோடு வைத்துப் போவார்களாம். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிட்டால் அம்பு அவனைத் தேடி வரும். எங்கள் கொல்லருக்கு அந்த அச்சம் இல்லை; முன்பணம் கேட்டார்.

வில்லுக்குத்தான் வைத்தியர் தேவைப்பட்டார். வாகரைக்குச் சென்று வயது முதிர்ந்த வேடர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அதை முழந்தாளிற் சார்த்தி மெதுவாக வளைத்தார். உள்ளே எங்கோ ‘சிட்’ என்று ஒரு சத்தம். நகத்தால் தடவி, நடுப்பகுதியில் மயிர் போன்ற வெடிப்புகளைக் காட்டினார்.

“மனே, கம்பு காய்ஞ்சு செத்துப்போச்சு. எண்ணெய் பூசினால் மினுங்கும், உயிர் வராது. நாலு தரம் வளையும், அஞ்சாந்தரம் முகத்தில முறியும்.”

புதுக் கம்பு வெட்டித் தர முடியுமா என்று மருமகன் கேட்டான். அவர் சிரித்தார். “வெட்டலாம். பன்றிக்குப் பத்தடியில போய் நிற்க உன்னால ஏலுமா? எங்கட ஆக்களுக்குக் குறியை விடக் கால்தான் பெரிசு. காற்றுப் பார்த்து, சருகு நொறுங்காமல் கிட்டப் போவாங்க. நீ இருட்டில பரணிலிருந்து எய்தால் அது அம்போட ஓடிப் போகும்.”

திரும்பி வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“அம்பு ஐந்து இருந்தது” என்றார் பிறகு. அம்மப்பா ஒரே ஒரு முறைதான் எய்தாராம். வயிற்றிலே அம்பு தைத்த பன்றி காட்டுக்குள் ஓடிவிட்டது. இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தும் அவர் அதைக் காணவில்லை. மூன்றாம் நாள் நாற்றம்தான் வழி காட்டிற்று. அது குட்டிகளோடு திரிந்த பன்றி. வீட்டுக்கு வந்தவர் வில்லைக் கூரையிற் செருகினார். அதைப்பற்றிப் பிள்ளைகள் கேட்டாலும் மறுமொழி சொல்லவில்லை.

துவக்குச் சூடும் குறி தப்பும், காயப்பட்ட விலங்கு அதனாலும் காட்டிலே கிடந்து சாகும் என்பதை நான் அறிவேன். ஆனால் அம்பு இரத்தம் வடியச் செய்தே கொல்வது. சரியான இடத்தில் தைக்காவிட்டால், கொன்றவன் வீட்டிலே உறங்க, சாவு மட்டும் நெடுநேரம் நடந்துகொண்டிருக்கும். அருகே செல்லக் கற்றவனுடைய கருவியைக் கற்காதவன் கையில் கொடுப்பதற்கு என் மனம் இடந்தரவில்லை. மருமகனிடம் அப்படியே சொன்னேன்.

“அப்படியானால் என் வயல்?” என்றான். அந்தக் கேள்விக்கு வில்லைவிட நல்ல மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டுவதும், முறைவைத்து இரவுக்காவல் இருப்பதும் படுவான்கரையில் எல்லாரும் அறிந்தவை, பன்றிகளும் அறிந்தவை. இந்தப் போகத்தில் வெள்ளிக்கிழமை இரவுக் காவல் என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அம்மா பெட்டியைத் திறந்து ஆறு சேலைகள் எடுத்துத் தந்தார்.

கம்மாலையிலிருந்து அலகுகள் துருநீங்கி வந்துவிட்டன. மூன்றை எண்ணெய் தடவிச் சாக்கிலே சுற்றி வில்லோடு வைத்தேன். நாலாவதை மருமகன் தன் வாடிக்குக் கொண்டுபோய்விட்டான். எதற்கென்று நான் கேட்கவில்லை.