படகு வண்டியும் இழுவைப் பந்தும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் கோடை வந்ததும் படகைச் சிறு வண்டியிலேற்றி மோட்டாரின் பின்னே பூட்டி ஏரிக்கு இழுத்துச் செல்வது எளியோரும் செய்யுங் காரியம். யாமும் அங்ஙனமே செய்து வருகிறோம். படகு மிதக்குமா என்று ஆராய்வோர் பலர். தரைக்கும் வண்டிக்கும் எத்துணை இடைவெளி என்று குனிந்து பார்ப்போர் சிலரே.

வண்டி விற்றவர் எமக்குப் பொருத்தித் தந்த இணைப்புச் சட்டம் 4 அங்குலம் கீழ்நோக்கி வளைந்திருந்தது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது. பாதை பள்ளமாகி மேடேறும் இடந்தோறும் முன்தாங்கியின் இரும்புக் கால் உராய்ந்து தீப்பொறி சிந்திற்று. எம் புதல்வன் கைகொட்டினான். எமக்கோ நெஞ்சு பதைத்தது. சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பந்தை மறுபுறம் முடுக்கினோம். வண்டி மட்டமாக நின்றது.

உயரத்தினும் பாரமே பெரிது. பந்தின்மேல் அமரும் சுமை, வண்டியும் படகுஞ் சேர்ந்த எடையில் 100க்கு ஏறக்குறைய 10 பங்கு இருத்தல் வேண்டும். குறைந்தால் விரைவில் வண்டி பாம்பென நெளியும். மிகுந்தால் மோட்டாரின் பின்புறம் அமிழ்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். எம்முடையது 1000 கிலோ. தராசிலே மூக்கு 60 கிலோவே காட்டிற்று. படகை முட்டி நிறுத்தும் தூணைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தி, 100 கிலோ வரும்வரை நிறுத்தோம். பின்னரே காப்புச் சங்கிலிகளை மூக்கின் கீழே குறுக்காகப் பூட்டினோம்; பந்து கழன்றாலும் மூக்கு அத்தொட்டிலில் விழுமேயன்றிச் சாலையை உழாது.